ஃபில்டர் காப்பி: ரங்கூன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மௌல்மீன் வாசகர்: ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்குவதே இல்லை, ஐயா. ஏன்?

பதில்: தூள் மிக நைசாக அரைபட்டிருக்கும், அல்லது சிக்கரி கூடியிருக்கும். சிக்கரி வேர் தண்ணீரை உறிஞ்சி உப்பித் துளைகளை அடைத்துவிடும். விரலிடையே தேய்க்கும்போது தூள் மாவாக வழுக்காமல், மெல்லிய ரவையைப்போல நெருநெருக்க வேண்டும். தூளின் மேல் வைக்கும் குடை போன்ற துளைத்தட்டை இறுக அழுத்தாதீர்கள். கொதித்து அடங்கிய நீரில் தூள் நனையுமளவு மட்டும் முதலில் ஊற்றி, அரை நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுங்கள். புதிதாக வறுத்த கொட்டையானால் நனைந்த தூள் குமிழிவிட்டு மேலெழும். வறுக்கும்போது உள்ளே தங்கிய வாயு அப்போதுதான் வெளியேறுகிறது. குமிழியே வராவிட்டால் பெரும்பாலும் தூள் பழையது.

ரங்கூன் வாசகி: நம் பர்மாவின் மேமியோ மலையூர்க் காப்பிக்கொட்டை நம் ஃபில்டருக்கு ஒத்துவருமா?

பதில்: நன்றாக ஒத்துவரும். மேமியோவிலும் ஷான் மாநிலத்து யுவாங்கானிலும் விளைவது அரபிக்கா என்ற காப்பி இனம். பழத்தோலோடு உலர்த்திய கொட்டையில் பழவாசமும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். அதை இளவறுப்பாக வாங்கிப் பால் சேர்த்தால் புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால், பால்காப்பிக்கு நடுத்தரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வறுத்ததைக் கேட்டு வாங்குங்கள். வறுத்த தேதியைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

பெகு வாசகர்: டிகாக்ஷன் சொட்டுவதில்லை.

பதில்: மௌல்மீன் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

தாட்டோன் வாசகர்: மழைக்காலத்தில் தூளை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: கூடாது. வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் அதில் படியும். கொட்டையாகக் கொஞ்சமாக வாங்கி, இறுக மூடிய டின்னில் வைத்து, அன்றன்றைக்கு அரையுங்கள்.

ரங்கூன் வாசகர்: சிக்கரியைக் குறை சொல்கிறீர்கள். அது இல்லாத காப்பியை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

பதில்: உங்கள் வீட்டுப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். சிக்கரி நிறமும் கெட்டியும் தரும். அதில் கஃபீன் இல்லை. ஆனால் இந்தியச் சட்டப்படி கலவையில் 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கலாம் என்பதால், சென்னையிலிருந்து வரும் பொட்டலத்தில் அச்சிட்ட அளவைப் படியுங்கள். ஷான் மலைக் கொட்டையில் அத்தனை சிக்கரி கலந்தால் அதன் வாசனை அமுங்கிப்போகும்.

அதே வாசகர்: அப்படியானால் எவ்வளவுதான் சேர்க்கலாம்?

பதில்: ஐந்தில் ஒரு பங்கு. முதலில் சிக்கரியே இல்லாமல் ஒரு வாரம் குடித்துவிட்டு, பிறகு சேர்த்துப் பாருங்கள்.

மாந்தலை வாசகி: காலை டிகாக்ஷனை மாலையில் சுடவைக்கலாமா? டின் பால் சேர்க்கலாமா?

பதில்: டிகாக்ஷனை அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துபோகும், பாலை மட்டும் காய்ச்சி அதில் ஊற்றுங்கள். இனிப்பிட்ட டின் பால் தாராளமாகச் சேர்க்கலாம், சர்க்கரையை விட்டுவிடுங்கள்.

பெகு வாசகி: எங்கள் ஃபில்டரிலும் டிகாக்ஷன் இறங்கவில்லை.

பதில்: தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள். தூளை மாற்றிய பிறகும் இறங்காவிட்டால், ஃபில்டரின் துளைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அடைத்தவற்றை ஊசியால் குத்தி எடுங்கள்.