எஸ்.டி.எஸ். போட்டும் ஈ. கோலை ஏன் அசரவில்லை?

கேள்வி: வளர்ப்பு ஊடகத்தில் கொஞ்சம் எஸ்.டி.எஸ். என்ற டிடர்ஜென்ட் (சோப்பு போன்ற பொருள்) சேர்த்தும் ஈ. கோலை பாக்டீரியா அதுபாட்டுக்கு வளர்கிறது. முதலில் ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) கலந்த ட்ரிஸ் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) வைத்துவிட்டு அதே எஸ்.டி.எஸ்.ஸைச் சேர்த்தால் செல்கள் உடைந்துவிடுகின்றன. பஃபருக்கு அவ்வளவு பலமா?

பலம் எல்லாம் இல்லை. அது கைவைக்கும் இடம் அப்படி.

ஈ. கோலைக்கு உட்சவ்வு, வெளிச்சவ்வு என்று இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில், வெளியே பார்த்த அடுக்கு முழுக்க லிப்போபாலிசாக்கரைடு, அதாவது கொழுப்போடு சர்க்கரைச் சங்கிலி சேர்ந்த மூலக்கூறு. அதன் பாஸ்பேட்டுகள் எதிர்மின்சுமை கொண்டவை. சும்மா விட்டால் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உட்கார்ந்து பிடித்து வைப்பவை மக்னீசியம், கால்சியம் அயனிகள். அந்தப் பிடிப்பால் அடுக்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் டிடர்ஜென்ட்டின் எண்ணெய்த்தன்மையுள்ள வால் உள்ளே நுழையத் திணறுகிறது. தப்பி நுழைந்ததையும் செல்லின் பம்புகள் வெளியே தள்ளிவிடும். குடலில் பித்த உப்புகளுக்கு நடுவே வாழ்கிற ஜீவன், வேறெப்படி இருக்கும்? மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் பித்த உப்பு சேர்ப்பதும் இதை நம்பித்தான்: வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் அடங்கும், ஈ. கோலை போன்றவை வளரும்.

ஈ.டி.டி.ஏ. அந்த அயனிகளைப் பிடுங்கிக்கொள்கிறது. லிப்போபாலிசாக்கரைடில் கிட்டத்தட்ட பாதிவரைகூட உதிர்ந்து போகும் என்பது 1960-களிலேயே தெரியும். அந்த ஓட்டையில் உள்ளிருந்து பாஸ்போலிப்பிடு (சவ்வின் சாதாரணக் கொழுப்பு) வந்து அடைக்கும், ஆனால் பழைய இறுக்கம் வராது. அப்புறம் எஸ்.டி.எஸ்., செல்சுவரை அறுக்கும் நொதியான லைசோசைம் எல்லாம் தாராளமாக நுழையும்.

ட்ரிஸும் அப்பாவி இல்லை. அது ஓர் அமீன், பி.எச். 8 பக்கத்தில் பாதியளவு நேர்மின்சுமையோடு இருக்கும், மக்னீசியத்தின் இடத்துக்குப் போட்டி போடும். நான் ஒருமுறை, சவ்வுக்குள் நுழைந்தால் ஒளிரும் என்.பி.என். சாயத்தை வைத்து வெளிச்சவ்வு எவ்வளவு கசிகிறது என்று பார்த்தேன். மருந்தே சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயும் ஒளிர்ந்தது. செல்கள் கெட்டுப்போயின என்று நினைத்து இரண்டு நாள் புது வளர்ப்பு எடுத்து மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ட்ரிஸை விட்டு ஹெபெஸ் என்ற வேறு பஃபருக்கு மாற்றியதும் ஒளி அடங்கியது.

இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் கரைசலில் மக்னீசியம் இருந்தால் உட்சவ்வு கரையும், வெளிச்சவ்வு பெரும்பாலும் தப்பும். ஈ.டி.டி.ஏ. இருந்தால் வெளிச்சவ்வும் சேர்ந்து கரையத் தொடங்கும். வெளிச்சவ்வில் துளைகளாக இருக்கும் போரின் புரதங்களைப் பிரிக்கப் பலரும் சார்கோசில் என்ற டிடர்ஜென்ட்டை எடுப்பதும் உட்சவ்வை மட்டும் கரைக்கத்தான். அதனால் டிடர்ஜென்ட்டின் பெயரோடு நிறுத்தாமல், அந்தக் குழாயில் மக்னீசியம் இருந்ததா, ஈ.டி.டி.ஏ. இருந்ததா என்றும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.