பிட்ச்சைக் கூட்டினால் படகின் வேகம் கூடுமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 16 அடி ஃபைபர் படகு வைத்து, தூண்டில் மீன்பிடிக்க வரும் விருந்தினர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்கிறேன். எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்ட், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் வகை. கியர் விகிதம் 1.85. அதில் 13 அங்குல பிட்ச் (ஒரு சுழற்சியில் முன்னேறும் தூரம்) உள்ள மூன்று இலை அலுமினிய ப்ரொப்பெல்லர் இருக்கிறது. ஓர் இலையின் நுனி பாறையில் பட்டு மடங்கியிருக்கிறது. முழு வேகத்தில் நான் மட்டும் ஓட்டினால் எஞ்சின் நிமிடத்துக்கு 5600 சுற்றும், 27 நாட் (மணிக்கு 27 கடல்மைல்) வேகமும் கிடைக்கின்றன. நான்கு பேர் ஏறினால் 5200 சுற்று, 24 நாட். கையேட்டில் 5000 முதல் 6000 சுற்று வரை என்று இருக்கிறது. எனக்கு 30 நாட் வேண்டும். 15 பிட்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ப்ரொப்பெல்லர் போட்டால் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் படகில் பிட்ச் ஏறத்தாழ சரியாகவே இருக்கிறது. வேகம் வேறு இடங்களில் வீணாகிறது. இவ்வளவு விவரத்துடன் எழுதியதற்கு நன்றி. பெரும்பாலானோர் வேகத்தை மட்டும் சொல்லிச் சுற்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். சுற்று தெரியாமல் ப்ரொப்பெல்லரைப் பற்றி எந்த ஆலோசனையும் சொல்ல முடியாது.

ப்ரொப்பெல்லரின் மேல் பொறித்திருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். நழுவாமல் ஒரு முறை சுழன்றால் எத்தனை அங்குலம் முன்னே செல்லுமோ அதுவே பிட்ச். உங்கள் எஞ்சின் 5200 முறை சுற்றும்போது, கியர் விகிதம் 1.85 என்பதால், ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2810 முறை சுற்றுகிறது. அதை 13 ஆல் பெருக்கி, அங்குலங்களைக் கடல்மைலாக மாற்றுவதற்காக 1215 ஆல் வகுத்தால் 30 நாட் வருகிறது. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது 24 நாட்தான். இந்த இடைவெளியை நழுவல் என்கிறோம். உங்கள் படகில் அது 20 விழுக்காடு. தனியாக ஓட்டும்போது இதே கணக்கில் 32 நாட்டுக்குச் சற்று மேலே வரவேண்டும், 27 வருகிறது. அதாவது நழுவல் 17 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. நழுவலே இல்லாத ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளாது என்பதால் அது பூச்சியமாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் இந்த அளவுள்ள இலேசான படகு ஒழுங்காக அமைந்திருந்தால் 10 முதல் 15 விழுக்காட்டில் நிற்கும். நீங்கள் தேடும் வேகத்தில் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது.

கடைக்காரர் காட்டியிருக்கக்கூடிய கணக்கு, அதே 5200 சுற்றை 15 அங்குலத்தால் பெருக்கும் கணக்கு. அதில் ஏறத்தாழ 35 நாட் வரும்; அதிலிருந்து நழுவலைக் கழித்தாலும் 28 நிற்கும். அந்தக் கணக்கின் குறை, பிட்ச் கூடிய பிறகும் எஞ்சின் 5200 சுற்றும் என்று அது எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. ஓர் அங்குலம் பிட்ச் கூடினால் பொதுவாக 150 முதல் 200 சுற்று குறையும். சுமையேற்றிய படகில் அதற்கு மேலும் குறையலாம். இரண்டு அங்குலம் கூட்டினால் நான்கு பேருடன் நீங்கள் 4900 சுற்றுக்குக் கீழே போய்விடுவீர்கள். அது கையேடு சொல்லும் கீழ் எல்லையையும் தாண்டிய இறக்கம். எஞ்சின் தன் முழுத் திறனையும் அந்தச் சுற்று எல்லையின் நடுப்பகுதியில்தான் தருகிறது. சுற்று குறைந்தால் திறனும் குறையும், திறன் குறைந்த எஞ்சினால் படகை முன்னைவிட வேகமாகத் தள்ள முடியாது. மேட்டில் சைக்கிளை உயர்ந்த கியரில் மிதிப்பதைப் போன்ற நிலைமை இது. படகு தண்ணீரின் மேல் எழும்பி ஓடத் தொடங்குவதற்கு அதிக நேரம் எடுக்கும், பெற்றோல் வீணாகும். அதைவிடப் பெரிய கேடு, எஞ்சின் நீண்ட நேரம் திணறி ஓடுவதால் கரி படிவதும், சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் அளவுக்கு மீறுவதும் ஆகும். சுற்று குறைவாக ஓடினால் எஞ்சினுக்கு நல்லது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. முடுக்கியை முழுவதும் திறந்து ஓட்டும் அவுட்போர்ட்டுக்கு அது பொருந்தாது.

30 நாட் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் மேல் எழும்பி ஓடும் படகின் வேகம், தோராயமாக, திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி உயர்கிறது. அதே நான்கு பேருடன் 24 நாட்டை 30 ஆக்க வேண்டுமானால் 60 குதிரைத்திறன் ஏறத்தாழ 94 ஆக வேண்டும். அந்த வித்தியாசத்தை எந்த ப்ரொப்பெல்லரும் தந்துவிடாது. பெரிய எஞ்சினைப் பற்றி யோசிப்பதாக இருந்தால், படகைக் கட்டியவர், எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்கு எவ்வளவு குதிரைத்திறன் வரை அனுமதித்திருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதுள்ள எஞ்சினைக் கொண்டே நான்கு பேருடன் 25 அல்லது 26 நாட்டை எட்டுவது நடக்கக்கூடிய இலக்கு. அதற்குக் காசும் அதிகம் செலவாகாது.

நீங்கள் அனுப்பிய படத்தில், ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே இருக்கும் அகலமான தகடு, படகின் அடிப்பகுதியைவிட ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் கீழே நிற்கிறது. நேரான ஒரு மரச் சட்டத்தைப் படகின் அடியோடு சேர்த்துப் பின்பக்கம் நீட்டிப் பிடித்தால் இது தெளிவாகத் தெரியும். அந்தத் தகடு அடிப்பகுதியின் மட்டத்திலோ, அதைவிட அரை முதல் ஓர் அங்குலம் மேலேயோ இருக்க வேண்டும். கீழே இருப்பதால் எஞ்சினின் கால்பகுதி தேவைக்கு மேல் தண்ணீருக்குள் மூழ்கி, வேகம் கூடக்கூட இழுவையைக் கூட்டுகிறது. பெரும்பாலான எஞ்சின்களின் பிடிமானத் துளைகள் முக்கால் அங்குல இடைவெளியில் அமைந்திருக்கும். இரண்டு துளை உயர்த்தினால் தகடு மட்டத்துக்கு வந்துவிடும். ஒரே நாளில் இரண்டு துளையும் உயர்த்தாமல், ஒரு துளை உயர்த்தி ஓட்டிப் பார்த்த பின் அடுத்ததை உயர்த்துங்கள். வளைத்துத் திருப்பும்போது வேகம் கூடாமல் சுற்று மட்டும் திடீரென எகிறினால், ப்ரொப்பெல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். எஞ்சினைக் குளிர்வித்து வெளியே பீய்ச்சும் நீர் மெலிந்தாலும் அதே எச்சரிக்கைதான். அப்போது ஒரு துளை இறக்கிவிடுங்கள். பழைய துளைகளைக் கடல்நீர் புகாத பூச்சால் அடைக்காமல் விட்டால் பின்பலகைக்குள் இருக்கும் மரம் ஊறிப்போகும்.

அடுத்தது அந்த மடங்கிய நுனி. இலையின் முனை ஒரு நாணயத் தடிப்பு அளவுக்கு வளைந்திருந்தாலும், மற்ற இரண்டு இலைகளும் ஒரு பிட்ச்சிலும் அது வேறு பிட்ச்சிலும் வேலை செய்யும். வளைவின் பின்புறம் அழுத்தம் குறைந்து, தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவிக் குமிழிகளாகி உடைகிறது. அந்த இடத்தில் பூச்சு போய் உலோகம் அரித்தாற்போல் சொரசொரப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சுத்தியலால் கரையில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது பார்வைக்குச் சரியாக இருக்கும், அளவுக்குச் சரியாக வராது. இலையைப் பொருத்திச் சரிபார்க்கும் பிட்ச் அச்சுக்கட்டை வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து மூன்று இலைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் அதே 13 பிட்ச்சில் புதிய அலுமினியம் வாங்குவதே சிக்கனம்.

படகு எப்போதும் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படிந்திருக்கும். அவற்றைச் சுரண்டாமல் ப்ரொப்பெல்லரை மாற்றிச் சோதிப்பதில் பயன் இல்லை. எடையையும் பாருங்கள். விருந்தினர்களைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் தேவைக்கு மேல் நிரப்பிய பெற்றோல் கலன்கள், பழைய நங்கூரம், ஊறிப்போன கயிறு என்று 80 கிலோவை இறக்க முடிந்தால், இத்தகைய படகில் அது மட்டுமே ஒரு நாட் வேகத்துக்குச் சற்று மேல் தரும்.

இவற்றுக்குப் பின் மீண்டும் அளந்து பாருங்கள். காற்று அடங்கிய காலையில், வழக்கமான நான்கு பேருடனும் வழக்கமான எரிபொருளுடனும், ஒரே தடத்தில் போகவும் வரவுமாக ஓட்டி, ஜிபிஎஸ் காட்டும் இரண்டு வேகங்களின் சராசரியை எடுங்கள். ஒரு திசையில் மட்டும் அளந்தால் நீரோட்டம் உங்களை ஏமாற்றிவிடும். டிரிம் பொத்தானை அழுத்தி எஞ்சினை வெளிப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வந்து, படகின் மூக்கு துள்ளத் தொடங்கியதும் சற்று உள்ளே இழுத்த நிலையில் சுற்றையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே சாய்ந்த டிரிம்மில் அளந்த எண்கள் எந்த முடிவுக்கும் உதவாது.

நான்கு பேருடன் 5300 முதல் 5600 வரை சுற்று வந்தால் 13 பிட்ச்சிலேயே நில்லுங்கள். நான்கு பேருடன் 5700ஐத் தாண்டி, தனியாக ஓட்டும்போது 6000ஐத் தொட்டு எஞ்சின் தானே சுற்றைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் மட்டும் 14 எடுக்கலாம். 15 பற்றிய பேச்சே வேண்டாம். உங்கள் வேலைக்கு நான்கு இலை ப்ரொப்பெல்லரும் தேவையில்லை. அது படகை விரைவாக எழுப்பி, அலையிலும் திருப்பத்திலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உச்ச வேகத்தில் சிறிது பறித்துக்கொள்ளும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பொருளைப் பொறுத்தவரை கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதன் இலைகள் மெல்லியவை, சுமையில் வளையாதவை. இலையின் பின்விளிம்பு சற்று உள்நோக்கிச் சுருட்டப்பட்டிருந்தால் தண்ணீரை இன்னும் நன்றாகப் பிடிக்கும், எஞ்சினைச் சற்று உயர்த்தி வைக்கவும் இடம் கொடுக்கும். அந்தச் சுருட்டலே 150 சுற்றைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், 13 அலுமினியத்துக்குப் பதிலாகச் சுருட்டல் உள்ள 14 ஸ்டீல் என்று தாவாமல் அதே 13இல் இருங்கள். ஆனால் ஏற்கெனவே ஒரு முறை பாறையில் இடித்திருக்கிறீர்கள். அலுமினிய இலை மடங்கி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் இலை மடங்காமல் அதே அடியைத் தண்டுக்கும் கியருக்கும் கடத்தும். நடுவில் உள்ள ரப்பர் புஷ் ஓரளவுக்குத்தான் காக்கும். பாறையும் பவளமும் உள்ள கரையோரத்தில் ஓடும் படகுக்கு நான் அலுமினியத்தையே தேர்ந்தெடுப்பேன், ஒரு நாட் குறைந்தாலும் பரவாயில்லை.

ப்ரொப்பெல்லரைக் கழற்றும்போது தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உங்கள் தொழிலில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நரம்பு, கியர் எண்ணெயைக் காக்கும் சீல் வளையத்தை அறுத்தால் கடல்நீர் கியருக்குள் இறங்கும். கீழ்த் திருகைத் தளர்த்தி எடுத்த எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், வேகத்தை மறந்துவிட்டு முதலில் அந்தச் சீல் வளையத்தை மாற்றுங்கள். மீண்டும் பூட்டும்போது தண்டின் பற்களில் கடல்நீர் தாங்கும் கிரீஸ் பூசி, வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே போட்டு, நட்டு கழலாமல் தடுக்கும் கொட்டர் பின் மட்டும் புதியதாக இருக்கட்டும். பழைய ப்ரொப்பெல்லரைத் திருத்தி எடுத்ததும் விற்றுவிடாமல், நட்டுக்குரிய சாவியோடும் ஒரு கொட்டர் பின்னோடும் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.