லத்தீனோ பெற்றோரும் பேரன்டிங் கிளாஸும் – கேள்வி பதில்

அமெரிக்காவுல லத்தீனோ, அதாவது மெக்சிகோ, கியூபா மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகளை பூர்வீகமா கொண்ட குடும்பங்களோட வேலை பாக்கறதால இது பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, பேரன்டிங் கிளாஸ்னா பிள்ளைங்க சேட்டைய குறைக்கதானே, அதுக்கும் அம்மா அப்பா மனநலத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நிறைய இருக்குப்பா. ஒரேகான்ல ஜெரால்ட் பேட்டர்சன்னு ஒரு உளவியலாளர் குடும்பங்களை வீட்டுக்கே போய் கவனிச்சு சொன்னது இது. பிள்ளை அடம் பிடிக்குது, அம்மா கத்தறாங்க, அது இன்னும் கத்துது, கடைசில அலுத்துப்போய் அம்மா விட்டுடறாங்க, அடுத்த தடவை பிள்ளை அங்கிருந்தே ஆரம்பிக்குது. ரெண்டு ஷிப்ட் வேலை பாத்துட்டு வந்து தினமும் இதுல மாட்டினா "நான் நல்ல அம்மாவே இல்ல"ன்னு மனசு விழுந்துடும். இந்த சுழலை உடைக்கத் தெரிஞ்சா கையில ஒரு பிடி கிடைக்குது, அதுவே பெரிய ஆறுதல். ஆனா டிப்ரஷன் தீவிரமா இருந்தா கிளாஸ் மட்டும் போதாது, தனியா சிகிச்சை வேணும்.

கேள்வி: இங்கிலீஷ்ல இருக்கறதை அப்படியே ஸ்பானிஷ்ல மொழிபெயர்த்தா போதாதா மேடம்?

பதில்: போதாதுங்க, இதை நான் அழுத்தியே சொல்வேன். பேட்டர்சன் வழியில வந்த பயிற்சிய ரூபன் பார்ரா-கார்டோனா டெட்ராய்ட்ல மெக்சிகோவுல இருந்து வந்த குடும்பங்களுக்காக மாத்தி அமைச்சார், பேர் காபாஸ். 103 குடும்பங்களை வச்சு நடந்த ஆய்வுல ஒரு குரூப்புக்கு பிள்ளை வளர்ப்பு மட்டும், இன்னொரு குரூப்புக்கு அதோட குடியேறினதுல பட்ட கஷ்டம், பாகுபாடு, ரெண்டு கலாசாரத்துக்கு நடுவுல பிள்ளை வளக்கறது இதையும் சேர்த்தே பேசினாங்க. ரெண்டாவது குரூப்லதான் மாற்றம் கூடுதலா இருந்துச்சு. மனசுல இருக்கற பாரத்தை பேச இடமே குடுக்காம "பிள்ளைய பாராட்டுங்க"ன்னு மட்டும் சொன்னா எப்படி உள்ள போகும்?

இந்த மாதிரி கிளாஸ்ல லெக்சர் கம்மி, நடிச்சு பாக்கறதுதான் அதிகம். ஒருத்தர் பையன், இன்னொருத்தர் அப்பா. தூரத்துல இருந்து கத்தாம பக்கத்துல போய், நிதானமா, சுருக்கமா, "ஷூவை எடுத்து வை"ன்னு சொல்லிட்டு வாயை மூடிட்டு நிக்கணும். அந்த கடைசி பகுதிதான் எல்லாருக்கும் கஷ்டம்!

கேள்வி: அப்பாக்கள் வர்றாங்களா?

பதில்: கூப்பிட்டா வர்றாங்க. அந்த 103 குடும்பத்துல இருந்து 190 பெற்றோர் கலந்துக்கிட்டாங்களே. சாயங்கால நேரம், சாப்பாடு, குழந்தைய பாத்துக்க ஆள், இது மூணும் இருக்கணும்.

கேள்வி: சோஷியல் வொர்க் படிக்கறேன் அக்கா, வேற எதெல்லாம் பாக்கலாம்?

பதில்: டீன் ஏஜ் பிள்ளைங்களோட பெற்றோருக்குன்னா மயாமில உருவான ஃபமிலியாஸ் உனிதாஸ், சின்னக் குழந்தைங்களோட பெற்றோருக்குன்னா லாஸ் ஏஞ்சலிஸ்ல 2007ல தொடங்கின அப்ரியெண்டோ புவெர்தாஸ், இந்த ரெண்டு பயிற்சியையும் பாருமா. மயாமி கியூபா குடும்பமும் டெட்ராய்ட் மெக்சிகோ குடும்பமும் ஒண்ணுன்னு மட்டும் நினைச்சுடாத.

கேள்வி: பக்கத்து வீட்டு குவாத்தமாலா அம்மா குடியேற்ற அதிகாரிங்க ரெய்டு வந்து பிடிச்சுட்டு போயிடுவாங்கங்கற பயத்துல வெளியவே வர்றதில்ல, கிளாஸுக்கு கூட்டிட்டு போகவா?

பதில்: வற்புறுத்தாதீங்க, "பயப்படாதீங்க"ன்னும் சொல்லாதீங்க. ஸ்கூல், சர்ச் மாதிரி இடங்கள்ல கைது பண்றதுக்கு இருந்த கட்டுப்பாட்டையே 2025 ஜனவரில எடுத்துட்டாங்க, அவங்க பயத்துக்கு காரணம் இருக்கு. வீட்டுக்கு வந்து பேசற ப்ரோமோதோரா, அதாவது அவங்க ஊர் ஜனத்துலயே பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர், பக்கத்து கிளினிக்ல இருக்காங்களான்னு விசாரிங்க, ஆன்லைன் கிளாஸ் இருக்கான்னும் கேளுங்க. தூக்கம், சாப்பாடு கெட்டு, வாழவே பிடிக்கலன்னு பேச ஆரம்பிச்சா காத்திருக்க வேணாம், மனநல நெருக்கடிக்கான உதவி எண் 988க்கு போன் போட்டு 2 அமுக்கினா ஸ்பானிஷ்லயே பேசுவாங்க, நீங்க பக்கத்துல உக்காந்துக்கோங்க.