ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் அரை பேண்ட் குறைந்ததற்கு ஏஜெண்டிடம் ஓடலாமா?

கேள்வி: என் மகள் ரங்கூனில் தங்கி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பாங்காக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலவழிப் பட்டப்படிப்புக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 6 பேண்ட் மதிப்பெண் கேட்கிறார்கள். அவளுக்கு 5.5தான் வந்திருக்கிறது. கேட்டல் 6, வாசிப்பு 5.5, எழுத்து 5, பேச்சு 6. "மறுபடி எழுத வேண்டாம், 6.5 போட்ட ஒரிஜினல் சர்டிபிகேட் எடுத்துத் தருகிறேன்" என்று ஏஜெண்ட் சொல்கிறார். சேர்ந்த பிறகும் அங்கே ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்களாம். அதில் சரியாகச் செய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா? (ஒரு தாய், பெகு)

பதில்: அந்த ஏஜெண்டுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், மகளின் பாஸ்போர்ட்டையாவது இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

பரீட்சை எழுதாமல் வருகிற ஒரிஜினல் என்று ஒன்று கிடையாது. மதிப்பெண் தாளில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். கல்லூரி அலுவலகத்தில் அந்த எண்ணை இணையத்தில் தட்டினால், பரீட்சை நடத்தியவர்கள் வைத்திருக்கும் மதிப்பெண் வந்து நிற்கும். போலித் தாளில் எவ்வளவு அழகாக முத்திரை குத்தியிருந்தாலும் அந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும். "உள்ளே ஆள் இருக்கிறது, கம்ப்யூட்டரிலேயே ஏற்றிவிடுவோம்" என்பார்கள். அதுவும் பொய்தான். பிடிபட்டால் மகளுடைய சீட் போகும், விசா போகும், கட்டிய பணம் போகும். ஏஜெண்டுக்கு போன் நம்பரை மாற்ற ஒரு சிம் கார்டு செலவு, அவ்வளவுதான்.

எரிச்சல் என்னவென்றால், உங்கள் மகளுக்கு இந்தத் தில்லுமுல்லு தேவையே இல்லை. நான்கு மதிப்பெண்ணையும் கூட்டுங்கள், 22.5 வரும். நான்கால் வகுத்தால் 5.625. ஐஇஎல்டிஎஸ்காரர்கள் சராசரி 5.75ஐத் தொட்டால்தான் 6 என்று போடுவார்கள், அதற்குக் கீழே என்றால் 5.5. ஆக, கூட்டுத்தொகை 23 வந்தால் போதும். எழுத்துப் பகுதியில் 5 என்பது 5.5 ஆனாலே வேலை முடிந்தது. "எந்தப் பகுதியிலும் 5.5க்குக் குறையக் கூடாது" என்று கல்லூரி தனியாக நிபந்தனை வைத்திருந்தாலும் அந்த அரை பேண்டே அதையும் சரிசெய்துவிடும். இந்தக் கணக்கைச் சொல்ல ஏஜெண்டுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் அவருக்கு வியாபாரம் இல்லை.

எழுத்தில் ஏன் 5 வந்தது என்று அவளுடைய தாளைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். நம் பிள்ளைகள் பத்து வருஷமாக ஆங்கிலக் கட்டுரையை நெட்டுருப் போட்டே வளர்ந்தவர்கள். டியூஷன் சயாவும் (வாத்தியாரும்) இருபது கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிறார். பரீட்சையில் "நகரத்துக்குள் வரும் கார்களுக்குத் தனி வரி போடலாமா?" என்று கேட்டிருப்பார்கள். பிள்ளை போக்குவரத்து நெரிசலின் நன்மை தீமைகளை எழுதிவிட்டு வரும். ஆங்கிலத்தில் பிழை இருக்காது, கேள்விக்குப் பதிலும் இருக்காது. திருத்துகிறவர்கள் பயிற்சி பெற்றவர்கள், மனப்பாட வரிகள் முதல் பத்தியிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எழுத்துப் பகுதிக்கு மொத்தம் 60 நிமிடம், இரண்டு கேள்வி. முதலாவதற்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்குத்தான் இரட்டிப்பு எடை. பல பிள்ளைகள் முதலாவதாக வரும் வரைபடக் கேள்வியிலேயே அரை மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, பெரிய கட்டுரையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதல் கேள்விக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரத்தில் மூன்று கட்டுரை, கடிகாரம் வைத்து, தானே யோசித்து எழுதட்டும். ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுக்கிற ஒருவர் வேண்டும். திருத்தாத சயாவுக்குக் கொடுக்கிற ஃபீஸ் வீண்.

எழுத்தை மட்டும் மறுமதிப்பீடு செய்யச் சொல்லலாம். பரீட்சை நடந்த ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும், மதிப்பெண் கூடினால் கட்டிய பணம் திரும்பி வரும். பேச்சு 6, எழுத்து 5 என்று ஒரு பேண்ட் வித்தியாசம் இருப்பதால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். ஒரே ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் வசதியும் வந்திருக்கிறது. அது கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்கு மட்டும், அதுவும் 60 நாளுக்குள். உங்கள் மையத்தில் உண்டா, அந்தத் தாளைக் கல்லூரி ஏற்குமா என்று இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டாலர் கணக்கில் ஃபீஸ் வாங்குகிறார்கள், நாம் கியாட்டில் சம்பாதிக்கிறோம். அப்படிக் கட்டி வாங்கிய மதிப்பெண்ணுக்கும் இரண்டு வருஷம்தான் ஆயுள். ஆங்கிலம் என்ன பசும்பாலா, வைத்திருந்தால் திரிந்துபோக? யாரிடம் போய்ச் சொல்வது!

அதனால்தான், திரும்ப ஐஇஎல்டிஎஸ் எழுத வைப்பதற்கு முன் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு மகளே ஒரு மின்னஞ்சல் போடட்டும்: வேறு எந்தத் தேர்வு மதிப்பெண்ணை ஏற்பீர்கள், 5.5க்கு ஆயத்த ஆங்கில வகுப்போடு சேர்த்துக்கொள்வீர்களா? தாய்லாந்தில் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் சி.யூ.டெப் என்றும், தம்மசாத் பல்கலைக்கழகம் டி.யூ.கெட் என்றும் சொந்தமாகத் தேர்வு வைத்திருக்கின்றன. வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதும் டூயோலிங்கோ ஆங்கிலத் தேர்வையும் பலர் சொல்வார்கள். நடுவில் கரண்ட் போனால் அந்தத் தேர்வு அம்போதான், நம் ஊர் மின்சாரத்தை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். லண்டன், ஆஸ்திரேலியா சட்டம் வேறு, அதை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேர்ந்த பிறகு வைக்கிற தேர்வுக்குப் பயப்பட வேண்டாம். எந்த வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று பார்ப்பதற்குத்தான் அது, அதில் பாஸ் ஃபெயில் கிடையாது. கீழ் வகுப்பில் போட்டால் ஒரு பருவம் கூடுதலாக ஆங்கிலம் படிப்பாள், கொஞ்சம் பணமும் ஆகும். "அந்தக் கேள்வித்தாளும் எங்களிடம் இருக்கிறது" என்று விற்பவர்களிடம் வாங்கிப் போய் மேல் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள்தான், பேராசிரியர் பேசுவது புரியாமல் முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் குடும்பங்களுக்கு வருகிற தலைவலி இது. வீட்டில், கோயிலில் தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் மட்டுமே, எழுத்துக்கு எழுத்து. நம் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே வரியாக இருக்கும், குடும்பப் பெயருக்குத் தனிக்கட்டம் இல்லை. வெளிநாட்டு விண்ணப்பமோ இரண்டு கட்டம் கேட்கும். அங்கே ஒரு பிள்ளை அப்பா பெயரைப் போடும், இன்னொன்று கடைசி அசையை வெட்டிப் போடும், ஏஜெண்ட் நிரப்பினால் அவர் இஷ்டத்துக்கு ஒன்று. கடைசியில் மதிப்பெண் தாளில் ஒரு பெயர், கல்லூரிக் கடிதத்தில் ஒரு பெயர், விசா மேசையில் நிற்கும்போது இரண்டு ஆள்! எப்படிப் பிரித்து எழுதுவது என்று பரீட்சை மையத்தில் கேளுங்கள், அவர்கள் சொன்னபடியே கல்லூரி விண்ணப்பத்திலும் எழுதுங்கள். ஏற்கெனவே வந்திருக்கும் தாளில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து இன்றே பாருங்கள். தப்பு இருந்தால் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே மையத்தில் சொல்லிவிடுங்கள்.