தாள் நீலமானால் வலி போய்விடுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறேன். மூன்று வருடமாக உடம்பு முழுக்க வலி, ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார்கள். பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். இங்குள்ள ஹைல்பிராக்டிகர் (மாற்று மருத்துவம் செய்பவர்) ஒருவர், உடம்பில் அமிலம் கூடிவிட்டது என்று காரக் கரைசலை டிரிப்பாக ஏற்றுகிறார். இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. அன்று மாலை வலி குறைந்த மாதிரி இருந்தது. சிறுநீரில் அமிலமா காரமா என்று வைத்துப் பார்த்த தாளும் நீலமாக மாறியது, காரம் என்று அர்த்தமாம். இன்னும் எட்டு முறை ஏற்ற வேண்டுமாம். தொடரலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. உங்களுக்குப் பிரஷர் இருப்பதால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சிகிச்சையில் வழக்கமாக ஏற்றுவது சோடியம் பைகார்பனேட். நம் வீட்டு ஆப்ப சோடாதான், நரம்பில் ஏற்றும் அளவுக்குச் சுத்தப்படுத்தியது. 8.4 சதவீதக் கரைசல் 100 மில்லி ஏற்றினால் 2.3 கிராம் சோடியம் ரத்தத்தில் சேரும். நாள் முழுக்கச் சாப்பாட்டில் சேர்வதே 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயைத் தொடாமல் இருந்துவிட்டு நரம்பு வழியாக உப்பை ஏற்றிக்கொள்வது என்ன கணக்கு?

சரி, அமிலக் கதைக்கு வருவோம். ரத்தத்தின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை அப்படி இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. அழற்சி கண்ட இடத்தில் அமிலம் சற்றுக் கூடுவது உண்மைதான். இந்தச் சிகிச்சைக்காரர்கள் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். ஆனால் அது அந்த இடத்தோடு நிற்கிற சங்கதி. டிரிப்பில் ஏறிய மிகுதிக் காரத்தைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும். தாள் நீலமானது அதனால்தான். நீங்கள் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டது கழிப்பறைக்குப் போகிறது என்று அர்த்தம்!

அப்படியானால் வலி எப்படிக் குறைந்தது? பாட்டிலில் புரோக்கெயின் கலந்திருந்ததா என்று கேளுங்கள். பல் டாக்டர்கள் ஒரு காலத்தில் மரத்துப்போகப் போட்ட நோவோகெயின்தான் அது. ஜெர்மனியில் இதைக் காரக் கரைசலோடு சேர்த்து ஏற்றும் வழக்கம் உண்டு. அலர்ஜியும் இதயத் துடிப்புக் கோளாறும் வரக்கூடிய மருந்து. அது இல்லையென்றால், ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்ததே காரணமாக இருக்கலாம். ஃபைப்ரோமயால்ஜியா வலியும் தானாகவே ஏறி இறங்கும்.

ஹைல்பிராக்டிகர் சட்டப்படி இயங்குபவர்தான், 1939ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் அவர் தாண்டி வருவது சுகாதார அலுவலகத் தேர்வு. மருத்துவப் படிப்பு அல்ல.

இந்த வலிக்கு மெல்ல மெல்லக் கூட்டிச் செய்யும் உடற்பயிற்சிதான் நன்றாக உதவுகிறது. உங்கள் நாட்டிலேயே ‘ஃபுங்க்ட்ஸியோன்ஸ்ட்ரைனிங்’ என்று வெதுவெதுப்பான நீரில் குழுவாகச் செய்யும் பயிற்சி உண்டு. ரொய்மா லீகா என்ற வாத நோயாளிகள் சங்கம் நடத்துகிறது. குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்து கிராங்கன்காஸ (மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்) ஒப்புக்கொண்டால் செலவை அவர்களே ஏற்பார்கள். ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், ஏற்றிய டிரிப் பற்றியும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, பிரஷரையும் ரத்தத்தில் பொட்டாசியத்தையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பைகார்பனேட் பொட்டாசியத்தைக் குறைக்கும். சில பிரஷர் மாத்திரைகளும் குறைக்கும். கால் வீக்கம், மூச்சிரைப்பு, உதட்டிலோ விரல் நுனியிலோ மதமதப்பு இருந்தால் வாரம் வரை காத்திருக்காமல் இன்றே போங்கள்.