வேகாஸ் விற்ற சரக்கு

அன்புள்ள ஐயா,

தெற்கு கலிஃபோர்னியாவில் பல வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் கோவை. ஊரிலிருந்து யார் வந்தாலும் லாஸ் வேகாஸுக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். போன கோடையில் மச்சான் குடும்பத்தோடு போயிருந்தோம். ஊரே பாதி காலி. அறை மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டால், ரிசார்ட் ஃபீஸ் என்று ஒரு நாளைக்கு ஐம்பது டாலர் தனியாகப் பிடித்தார்கள். காரை நிறுத்தவும் காசு. அறையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாலே பில்லில் ஏறும் என்று ஒரு அட்டை வேறு. ப்ளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையில் எங்களைத் தவிர ஆளே இல்லை. சீட்டுப் போடும் டீலர் வயதானவர். "மாஃபியா நடத்தின காலத்துலயே இதைவிட நல்லா இருந்துச்சு" என்றார். மச்சான் அதையே பிடித்துக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் பேசினார். வேகாஸ் செத்துக்கொண்டிருக்கிறதா? கம்பெனிகளின் பேராசைதான் காரணமா?

இன்னொரு விஷயம். என் டீமில் ஒரு தம்பி இருக்கிறான். வேகாஸ் பக்கமே போனதில்லை. ஆனால் தினமும் ராத்திரி ஃபோனில் பாஸ்கெட்பால் மேட்சுக்குப் பணம் கட்டுகிறான். கேட்டால் "இது சூதாட்டம் இல்லண்ணா, டிரேடிங்" என்கிறான்.

டிசம்பரில் அப்பா, அம்மா வருகிறார்கள். அவர்களை அங்கே கூட்டிப்போகலாமா என்றும் யோசனையாக இருக்கிறது.

அன்புடன்,
ச.
இர்வைன்

அன்புள்ள ச.,

மச்சானின் கட்சியை முதலில் பார்த்துவிடுவோம். மாஃபியா காலத்தில் அறை மலிவு, சாப்பாடு மலிவு, பாட்டுக் கச்சேரி அடிமாட்டு விலை என்பதெல்லாம் உண்மைதான். மேஜையில் வந்த பணம் மற்ற எல்லாவற்றையும் சுமந்தது. அதே பணத்தில் ஒரு பங்கை, கணக்கில் ஏறுவதற்கு முன்பே, எண்ணும் அறையிலேயே உருவிக் கான்சாஸ் சிட்டிக்கும் சிகாகோவுக்கும் அனுப்பினார்கள். ஹோட்டல் கட்டக் கடன் கொடுத்தது லாரி ஓட்டுநர் சங்கமான டீம்ஸ்டர்ஸின் ஓய்வூதிய நிதி. மேடையில் பாடிக் கைதட்டல் வாங்கிய கறுப்பினப் பாடகர்களுக்கு அதே ஹோட்டலில் படுக்க அறை கிடையாது. 1960-ல் ஒரு ஒப்பந்தம் போட்டுத்தான் அந்த வழக்கத்தை விட்டார்கள். டீலர்கள் எல்லோரும் அந்தக் காலம் போல வருமா என்றுதான் சொல்வார்கள், டிப்ஸுக்கு நல்லது.

சரி, பேராசையா என்ற கேள்விக்கு வருகிறேன். பேராசை இருக்கிறது, ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்தது. முதல் காரணத்தை நீங்கள் போகும் வழியிலேயே பார்த்திருக்கிறீர்கள்.

ஐ-15 நெடுஞ்சாலையில் பேக்கர் என்ற ஊரைத் தாண்டி, வறண்ட ஐவன்பா ஏரிப்படுகை முடியும் இடத்தில், மாநில எல்லையை ஒட்டி ப்ரிம் என்று ஒரு இடம் வரும். சாலையின் இரு பக்கமுமாக மூன்று கேசினோக்கள். விஸ்கி பீட்ஸ் 1977-ல் வந்தது, மற்ற இரண்டும் தொண்ணூறுகளில். பஃபலோ பில்ஸைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு ரோலர் கோஸ்டர். கொள்ளைக்கார ஜோடி போனியும் கிளைடும் சுட்டுக்கொல்லப்பட்டபோது உள்ளே இருந்த, சல்லடையாகத் துளைபட்ட ஃபோர்டு கார் பல வருடம் ப்ரிம்மில்தான் காட்சிக்கு இருந்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வருகிறவனுக்கு வேகாஸ் வரை பொறுமை இல்லையென்றால், எல்லையைத் தாண்டிய அந்த நிமிடமே சூதாடலாம். அவ்வளவுதான் ப்ரிம்மின் வியாபாரம். 2024 டிசம்பரில் விஸ்கி பீட்ஸை மூடினார்கள். 2025 கோடையில் பஃபலோ பில்ஸும் அன்றாட வியாபாரத்தை நிறுத்தியது.

ஆனால் அங்கே கூட்டம் குறையாத கடை ஒன்று உண்டு. கேசினோக்களிலிருந்து கூப்பிடு தூரத்தில், எல்லைக்கோட்டுக்குக் கலிஃபோர்னியா பக்கமாக, ஒரு லாட்டரிக் கடை. வேகாஸ் இருக்கும் நெவாடா 1864-ல் மாநிலமானபோதே அதன் அரசியல் சட்டம் லாட்டரியைத் தடை செய்துவிட்டது. இன்றுவரை மாநில லாட்டரி கிடையாது. விமான நிலையத்திலும் சூப்பர் மார்க்கெட்டிலும் ஸ்லாட் மெஷின் வைத்திருக்கும் மாநிலத்தில் ஒரு பவர்பால் சீட்டு வாங்க முடியாது. கேசினோ முதலாளிகளுக்கு இந்தத் தடை மிகவும் பிடித்தமானது. பரிசுத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டினால், வேகாஸ்வாசிகள் முக்கால் மணி நேரம் கார் ஓட்டிவந்து இந்தக் கடை வாசலில் வெயிலில் வரிசை கட்டுகிறார்கள். கோவைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்ததும் கேரள எல்லையிலுள்ள வாளையாறு பிழைத்துக்கொண்டது, இல்லையா? 2023 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்த சீட்டும் அங்கே வாங்கியதுதான், வாங்கியவர்கள் நம்மூர்க்காரர்கள்.

வேகாஸ் ஆதியிலிருந்து விற்ற சரக்கு இந்த எல்லைக்கோடுதான். பக்கத்து மாநிலம் கூடாது என்றதை இங்கே கூடும் என்றார்கள். 1931 மார்ச் 19 அன்று ஆளுநர் ஃப்ரெட் பால்சர் சூதாட்டச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்தது, மாநிலத்தின் சுரங்கத் தொழிலும் படுத்திருந்தது. அதே வருடம், ஆறு வாரம் குடியிருந்தால் விவாகரத்து என்றும் சட்டம் போட்டார்கள். நியூயார்க்கிலிருந்தெல்லாம் பெண்கள் நெவாடாவின் ரீனோ நகருக்கு ரயிலேறி வந்து, பண்ணை விடுதிகளில் ஆறு வாரம் தங்கி, தீர்ப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். பெரிய தொழில் அது. 1969-ல் கலிஃபோர்னியா, யார்மேலும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து தரலாம் என்று சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் வரிசையாக அந்த வழிக்கு வர, ரீனோவின் தொழில் படுத்துவிட்டது. ரீனோ வக்கீல்கள் பேராசைப்பட்டுக் கெட்டார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

சூதாட்டத்துக்கு இருந்த எல்லைக்கோட்டை அழித்தவர்களும் ஒரு பாலைவனத்துக்காரர்கள்தான். பாம் ஸ்பிரிங்ஸ் தாண்டி இண்டியோ பக்கம் கபஸான் என்ற பழங்குடிக் குழு இருக்கிறது. வழக்கு நடந்தபோது அதன் உறுப்பினர்கள் மொத்தமே இருபத்தைந்து பேர். தங்கள் நிலத்தில் பிங்கோவும் சீட்டாட்டமும் நடத்தினார்கள். போலீஸ் புகுந்து ஆட்களைப் பிடித்தது. விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 பிப்ரவரியில் ஜெயித்தார்கள். சூதாட்டத்தை ஒரேயடியாகத் தடை செய்யாமல் ஒழுங்குபடுத்த மட்டுமே செய்கிற மாநிலம், பழங்குடி நிலத்துக்குள் வந்து தடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த வருடமே நாடாளுமன்றம் அதற்கென்று ஒரு சட்டம் போட்டது. 2000-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள், வேகாஸ் பாணி ஆட்டங்களையே பழங்குடிக் கேசினோக்கள் நடத்தலாம் என்று அனுமதித்தார்கள்.

அதன் பலன் எவ்வளவு என்று பாருங்கள். 2024-ல் நெவாடா மாநிலம் முழுவதும் கேசினோக்கள் ஆட்டக்காரர்களிடமிருந்து ஈட்டியது சுமார் 1,560 கோடி டாலர். அதற்கு முந்தைய நிதியாண்டிலேயே நாட்டின் பழங்குடிக் கேசினோக்கள் ஈட்டியது 4,190 கோடி டாலர். உங்கள் வீட்டிலிருந்து போக்குவரத்து இல்லாத நாளில் ஒரு மணி நேரத்தில் சான் பெர்னார்டினோ மலையடிவாரத்து யாமவா என்ற பழங்குடிக் கேசினோவுக்குப் போய்விடலாம். அப்புறம் ப்ரிம்மில் எவன் நிறுத்துவான்?

மேற்கே இப்படியென்றால், கடல் தாண்டி சீனாவின் மக்காவ் 2006-லேயே, பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் வேகாஸ் ஸ்ட்ரிப் சாலையை வருமானத்தில் மிஞ்சிவிட்டது. லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் என்ற கம்பெனி, 2022-ல் வேகாஸிலிருந்த தன் வெனீஷியன் கேசினோவை விற்றுவிட்டு மக்காவோடும் சிங்கப்பூரோடும் நிறுத்திக்கொண்டது. பெயரில் மட்டும்தான் இன்னும் வேகாஸ் இருக்கிறது.

கோடு அழியத் தொடங்கியது வேகாஸுக்குப் புரியாமல் இல்லை. 1978-ல் கிழக்குக் கடற்கரையின் அட்லாண்டிக் சிட்டியில் கேசினோ திறந்தபோதே மணி அடித்துவிட்டது. அதற்குப் பதில்தான் 1989-ல் கேசினோ முதலாளி ஸ்டீவ் வின் 63 கோடி டாலரில் கட்டிய மிராஜ் ஹோட்டல். வாசலில் எரிமலை, உள்ளே வெள்ளைப் புலிகள். சூதாட வராதவனையும் வரவழைத்தார்கள், வந்தவன் அறைக்கும் சாப்பாட்டுக்கும் காட்சிக்கும் செலவழித்தான். அடுத்த பத்து வருடத்தில் ஸ்ட்ரிப்பின் பெரிய கேசினோக்களுக்குச் சூதாட்டத்தைவிட மற்றவற்றில் வந்த வருமானம் அதிகமாகிவிட்டது. (அந்த மிராஜையும் 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். எரிமலை இருந்த இடத்தில் கிதார் வடிவத்தில் ஒரு கோபுரம் எழும்புகிறது.) மேஜை எல்லோரையும் சுமந்த காலம் அதோடு போயிற்று. ஒவ்வொரு துறையும் தன் லாபத்தைத் தானே காட்ட வேண்டும் என்றானபோது பார்க்கிங்கும் ஒரு துறை, உங்கள் தண்ணீர் பாட்டிலும் ஒரு துறை.

அதற்கு மேல் வாடகை. சீசர்ஸ் பேலஸ், எம்ஜிஎம் கிராண்ட், வெனீஷியன் ஆகியவற்றின் நிலமும் கட்டடமும் இன்று அவற்றை நடத்தும் கம்பெனிகளுடையவை அல்ல. விசி என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்குச் சொந்தம். சொத்தை விற்றுக் கைநிறையப் பணம் பார்த்தார்கள், இப்போது மாதாமாதம் வாடகை கட்டுகிறார்கள். மச்சான் சொல்லும் பேராசை இங்கேதான் இருக்கிறது. அந்த வாடகையில் ஒரு துளியை நீங்களும் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

மேஜையிலும் கறக்கிறார்கள். ரூலெட் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1 முதல் 36 வரை எண்கள், கூடவே பூஜ்யம். ஒரு எண்ணில் கட்டி விழுந்தால் 35 மடங்கு தருவார்கள். ஒரே பூஜ்யம் உள்ள சக்கரத்தில் கேசினோவின் பங்கு 2.7%. அமெரிக்காவில் வெகுகாலமாக இரண்டு பூஜ்யம், 5.26%. 2016 வாக்கில் மூன்றாவது பூஜ்யமும் ஸ்ட்ரிப்புக்கு வந்தது, 7.69%. தரும் தொகை மாறவே இல்லை, அதே 35. சுற்றுக்கு 15 டாலர், மணிக்கு நாற்பது சுற்று என்றால் 600 டாலர் கட்டுகிறீர்கள். ஒற்றைப் பூஜ்யத்தில் சராசரியாக 16 டாலர் போகும், மூன்றில் 46. ப்ளாக்ஜாக்கிலும் இதே கதை. முன்பு 10 டாலர் கட்டி ப்ளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 15 கொடுத்தார்கள், இப்போது பல மேஜைகளில் 12. மேஜைத் துணியில் "5-க்கு 6" என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. உங்களுக்கு ப்ளாக்ஜாக் ஏறக்குறைய இருபத்தோரு கைக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு முறையும் மூன்று டாலர் குறைந்தால் என்ன ஆகும் என்று மச்சானைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஆகவே சாவு என்று சொல்ல மாட்டேன். 2016-ல் 4.29 கோடிப் பேர் வந்தார்கள், 2024-ல் 4.17 கோடி. ஆனால் மேலே சொன்ன 1,560 கோடி அதுவரை நெவாடா காணாத உச்சம். ஆள் குறைந்தும் பணம் கூடியிருக்கிறது. 2025-ல்தான் ஆட்டம் கண்டது. ஜூனில் மட்டும் முந்தைய ஜூனைவிட 11% பேர் குறைவு. அமெரிக்கா மீதான கோபத்தில் கனடாக்காரர்கள் பலர் வரவில்லை. கூட்டம் குறைந்தால் முதல் அடி டீலருக்கும் அறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கும்தான். 2020-ல் கேசினோக்களை மூடியபோது ஏப்ரலில் மாநிலத்தின் வேலையின்மை 30% வரை போனது. பழைய டீலர் உங்களிடம் புலம்பியதில் வரலாறு தப்பாக இருக்கலாம், பயம் நிஜம்.

இப்போது உங்கள் தம்பி. 2018 மே மாதம் வரை முழுமையான விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடந்த ஒரே மாநிலம் நெவாடா. அந்த மாதம் உச்ச நீதிமன்றம் கூட்டரசின் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. இன்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட மாநிலங்களில் பந்தயம் உண்டு. கலிஃபோர்னியா வாக்காளர்கள் 2022-ல் இரண்டு முன்மொழிவுகளைத் தோற்கடித்ததால் உங்கள் மாநிலத்தில் இல்லை. அப்படியானால் தம்பி கட்டுவது கால்ஷி போன்ற கணிப்புச் சந்தையாக இருக்க வேண்டும். ஒரு அணி ஜெயிக்கும் என்ற ஒப்பந்தத்தை 60 சென்டுக்கு வாங்கினால், ஜெயித்தால் ஒரு டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. இது முன்பேர வணிகம், எங்களைக் கட்டுப்படுத்தும் உரிமை கூட்டரசுக்கு மட்டுமே என்பது கம்பெனியின் வாதம். அதை நிறுத்தச் சொல்லி 2025 மார்ச்சில் நோட்டீஸ் அனுப்பிய மாநிலங்களில் நெவாடாவும் ஒன்று. சூதாட்டத்தால் ஊர் கட்டியவர்கள் இன்று சூதாட்டத் தடுப்புக்காக நீதிமன்றம் ஏறுகிறார்கள். எனக்கு இதில் சிரிப்புதான் வருகிறது.

கேசினோவுக்குள் 21 வயதாக வேண்டும், இந்த ஆப்புக்கு 18 போதும். வேகாஸில் தோற்றவன் நாலு மணி நேரம் கார் ஓட்டி வீட்டுக்கு வர வேண்டும், அதற்குள் கொஞ்சம் தெளிந்துவிடும். தம்பிக்கு அந்தச் சாலை இல்லை. டிரேடிங்கா சூதாட்டமா என்று அவனிடம் வாதாடாதீர்கள், அதில் அவன்தான் ஜெயிப்பான். இந்த வருடம் கணக்கில் போட்ட தொகை, எடுத்த தொகை இரண்டையும் ஆப்பிலிருந்தே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல மறுத்தால் அதுவும் பதில்தான்.

அப்பா, அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் அறை மலிவு. புக் செய்யும்போது ரிசார்ட் ஃபீஸையும் சேர்த்த மொத்தத் தொகையைப் பாருங்கள். பெல்லாஜியோ நீரூற்று இன்னமும் இலவசம். ஒரு நாளை ஹூவர் அணைக்கு ஒதுக்குங்கள், அப்பாவுக்குப் பிடிக்கும். வழியில் போல்டர் சிட்டி வரும். அணை கட்டிய தொழிலாளர்களுக்காகக் கூட்டரசு அமைத்த ஊர். கூலியைச் சீட்டில் விட்டுவிடுவார்கள் என்று அன்றைக்கே சூதாட்டத்தைத் தடுத்தார்கள், தடை இன்றும் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொண்டால் ஸ்ட்ரிப்பில் கொடுப்பதில் பாதிதான் ஆகும்.