குழந்தை டாக்டர்களுக்குத் தாயின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பயிற்சி தருவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கும் குழந்தை மருத்துவர்களுக்கு இந்தப் பயிற்சியை எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நோயைப் பற்றிய பாடத்தில் தொடங்க வேண்டாம், அது கல்லூரியிலேயே படித்ததுதான். தாயைத் தனியாக ஐந்து நிமிஷம் பிடிப்பதில் தொடங்குங்கள்.

முதல் பிரசவம் என்றால் பெண் அம்மா வீட்டில் இருப்பாள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது குழந்தை அமுச்சி (பெண்ணின் அம்மா) மடியில் இருக்கும். பதிலும் அமுச்சியே சொல்வார். "நல்லா இருக்கியாம்மா?" என்றால் "இருக்கறனுங்க" என்பதோடு பேச்சு முடியும். அதனால் நர்ஸையும் பயிற்சியில் உட்கார வையுங்கள். "வாங்கம்மா, பாப்பாவ எடை போட்டுட்டு வந்தர்லாம்" என்று அவர் அமுச்சியை அடுத்த அறைக்கு அழைத்துப் போகும் நேரத்தில் தாயின் கையில் கேள்வித்தாளைக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாள், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோல். கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. தமிழிலும் இருக்கிறது. 10-ஐத் தொட்டால் விசாரிக்க வேண்டும். 13-ஐத் தொட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கூட்டலில் தவறு நடப்பது ஒரே இடத்தில்: 1, 2, 4-ஆம் கேள்விகளின் பதில்களுக்கு மேலிருந்து கீழே 0, 1, 2, 3, மற்ற ஏழுக்கும் 3, 2, 1, 0. பத்துத் தாளையாவது கையால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் வரும் அழுகை பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்பதால், 6, 10, 14 வார ஊசி நாட்களே தோதானவை. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குள் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசினால், யாரோ பேசுவது காதில் விழுகிறது என்றால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. தனியாக அனுப்பவே கூடாது.

எடை சரியாக ஏறியும் "பால் பத்தலீங்க" என்று மூன்றாவது தடவை வருபவர், "ஒரே சடவா (அசதியா) இருக்குதுங்க" என்பவர், இவர்களுக்கு ஊசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். தாயின் ஹீமோகுளோபினும் தைராய்டும் கூடவே பாருங்கள்.

பயிற்சியில் பாதி நேரம் பத்தாவது கேள்விக்கே போக வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது அது. மொத்தம் 4 வந்தாலும் இதில் 1 இருந்தால் தாய் அப்படியே வீட்டுக்குப் போகக் கூடாது. டாக்டர்கள் திணறுவது இங்கேதான். கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்று பயம். வராது. ஒருவர் தாயாக நடிக்க, மற்றவர் வாய்விட்டுக் கேட்டுப் பழகட்டும்: "கடைசியா எப்ப தோணுச்சுங்க? எப்படின்னு யோசிச்சீங்களா? பாப்பாவையும் ஏதாச்சும் செய்யத் தோணுச்சா?" தோட்டத்து வீடு என்றால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை அப்புறப்படுத்த வீட்டாரிடம் சொல்ல வேண்டும். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அங்கேயே போட்டுக் கொடுக்கலாம், ஆனால் அது மனநல மருத்துவருக்கு மாற்று இல்லை.

தடுப்பூசி அட்டையில் "மனச்சோர்வு" என்று எழுதாதீர்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அந்த அட்டை மாமியார் வீட்டுக்குப் போகும். க்ளினிக் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் தாயின் செல்லுக்கே கூப்பிடுங்கள்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. மனநல மருத்துவர் மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், "பால் கொடுக்கலாங்களா?" என்று வீட்டார் வந்து கேட்பது குழந்தை டாக்டரைத்தான். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்து அது. பொதுவாகப் பால் கொடுக்கலாம். எதற்கு வம்பு என்று "வேண்டாம்" சொன்னால், அன்று ராத்திரியே மாத்திரை குப்பைக்குப் போய்விடும்.